பின்னச்சின் பற்கணக்கு

பின்சக்கரங்களால் உந்தப்படும் காரில் எஞ்சினின் சுழற்சி, சாலையைச் சென்றடையும் முன் இரண்டு இடங்களில் மட்டுப்படுத்தப்படுகிறது. ஒன்று ஓட்டுநர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் கியர்பாக்ஸ், மற்றொன்று அவர் கை எட்டாத பின்னச்சின் கூட்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு பற்சக்கர இணை. கியர்பாக்ஸிலிருந்து நீளும் உந்துதண்டின் முனையில் பினியன் எனப்படும் சிறு பற்சக்கரமும், அதனோடு செங்கோணத்தில் பல் கோத்து நிற்கும் கிரவுன் எனப்படும் பெரிய வளையப் பற்சக்கரமும் இருக்கின்றன. கிரவுனில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருந்தால், உந்துதண்டு 3.73 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும்; சுழற்சி அந்த மடங்கில் குறைகிறது, முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலு, அதே மடங்கில் பெருகுகிறது. இந்த எண்ணே இறுதி இயக்க விகிதம் எனப்படுகிறது. அதைக் கூட்டினால் கார் விரைவாகப் பாயும் என்பது பந்தயக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. எவ்வளவு பாயும், எந்த வேகத்தில் பாயும், எந்த வேகத்தில் முன்னைவிடப் பின்தங்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

பணிமனைகளில் இதை டிஃபரன்ஷியல் விகிதம் என்று சொல்வது வழக்கமானாலும், டிஃபரன்ஷியல் என்ற கருவிக்கும் இந்த விகிதத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டபடியே இரண்டுக்கும் உந்துதலைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர் 1820களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கருவியைச் சுமக்கும் கூட்டின் விளிம்பில் கிரவுன் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருப்பதால் இரண்டும் ஒரே பொருளாகத் தோன்றுகின்றன. விகிதத்தை மாற்றுகையில் கிரவுனும் பினியனும் மட்டுமே மாறும். டிஃபரன்ஷியலின் உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்கள் அப்படியே இருக்கும்.

இந்த மாற்றம் பெருமளவில் செய்யப்பட்ட கார்களில் ஒன்று, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு மஸ்டாங் 5.0. எட்டு சிலிண்டர்கள் கொண்ட அதன் எஞ்சின் 4200 சுற்றை ஒட்டி 225 குதிரைத்திறனையும், 3200 சுற்றை ஒட்டி ஏறத்தாழ 407 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையையும் தந்தது. இங்கும் இனிவரும் இடங்களிலும் சுற்று என்பது நிமிடக் கணக்கு. போர்க்-வார்னர் நிறுவனத்தின் டி-5 என்ற ஐந்து கியர் பெட்டியில் விகிதங்கள் முறையே 3.35, 1.93, 1.29, 1.00, 0.68. இத்தனை வலுவுள்ள காருக்குத் தொழிற்சாலை கொடுத்த பின்னச்சு விகிதமோ 2.73, சற்றுக் கூடுதலாக வேண்டுவோருக்கு 3.08. அதே ஃபோர்டு நிறுவனம் 1969இல் பந்தயப் பிரியர்களுக்கென்று 3.91, 4.30 ஆகிய விகிதங்களைக் காரோடு சேர்த்தே விற்றது என்பதை நினைத்தால் இது விந்தையாகத் தோன்றும்.

இடையில் நிகழ்ந்தவை இரண்டு. 1973இன் எண்ணெய்த் தடை அமெரிக்கரின் பெட்ரோல் கணக்கைப் புரட்டிப்போட்டது. அதைத் தொடர்ந்து 1975இல் வந்த சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்கள் அனைத்தின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கும் ஒரு கீழ்வரம்பை விதித்து, 1978ஆம் ஆண்டு மாதிரிகளுக்கு காலனுக்கு 18 மைல் என்று தொடங்கி, 1985க்கு 27.5 மைல் என்று உயர்த்தியது. நெடுஞ்சாலை வேகமும் 1974 முதல் மணிக்கு 55 மைலாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மணிக்கு 90 கிலோமீட்டருக்குள் ஓடியே தீர வேண்டிய காரில் எஞ்சினை எவ்வளவு மெதுவாகச் சுழலவிட முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சுழலவிடுவதுதான் பெட்ரோலை மிச்சப்படுத்த மிக மலிவான வழி. அதற்கு எஞ்சினைத் திருத்தி வடிவமைக்க வேண்டியதில்லை, பினியனில் சில பற்களைக் கூட்டினால் போதும். ஆக, 2.73 என்ற எண்ணைத் தீர்மானித்தது காரின் வலுவன்று, எரிபொருள் சட்டம். வாங்கியவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு 3.55, 3.73, 4.10 என்று மாற்றிக்கொண்டதற்கும் அதுவே காரணம்.

இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள பற்கணக்கு கவனிக்கத் தக்கது. 2.73 என்பது 41க்கு 15, 3.08 என்பது 40க்கு 13; 3.55 என்பது 39க்கு 11, 3.73 என்பது 41க்கு 11, 4.10 என்பது 41க்கு 10. கிரவுனில் 36 பற்கள், பினியனில் 12 பற்கள் என்று வைத்து 3.00 என்ற முழு எண்ணைப் பெற்றால் என்ன என்று கேட்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பினியனின் ஒரு பல் காரின் ஆயுள் முழுவதும் கிரவுனின் அதே மூன்று பற்களை மட்டுமே மாறி மாறிச் சந்திக்கும், ஒரு பல்லில் உள்ள சிறு குறை அந்த மூன்றிலும் மட்டுமே தேய்மானமாகப் பதியும். பொதுக்காரணி இல்லாத எண்களைத் தேர்ந்தால் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்தித்து, தேய்மானத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறது. 41 பகா எண் என்பதால் வடிவமைப்பாளருக்கு அது மிகவும் வசதி. கிரவுனின் விட்டம் கூட்டின் அளவால் கட்டுப்பட்டது, மஸ்டாங்கில் அது 8.8 அங்குலம்; ஆகவே விகிதத்தைக் கூட்ட வேண்டுமானால் பினியனைச் சிறிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை, சிறிய பினியனில் ஒரே நேரத்தில் சுமை தாங்கும் பற்களும் குறைவு. விகிதம் ஏற ஏறப் பற்சக்கர இணையின் உறுதி இறங்குவது இதனால்தான்.

இனி முடுக்கத்தின் கணக்கு. முடுக்கம் என்பது வேகம் கூடும் வீதம். எஞ்சினின் முறுக்குவிசையைக் கியர் விகிதத்தாலும் பின்னச்சு விகிதத்தாலும் பெருக்கி, வழியில் உரசலில் தொலையும் பங்கைக் கழித்து, டயரின் ஆரத்தால் வகுத்தால், சாலையைப் பின்னுக்குத் தள்ளும் விசை கிடைக்கும். அதைக் காரின் நிறையால் வகுத்தால் முடுக்கம். முதல் கியரில் பழைய விகிதத்தின் மொத்தப் பெருக்கம் 3.35ஐ 2.73ஆல் பெருக்கி வரும் 9.15, புதிய 3.73 விகிதத்தில் அது 12.50. உரசலில் 15 விழுக்காடு தொலைவதாகவும், டயரின் ஆரம் 32 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், உச்ச முறுக்குவிசையின்போது உந்துவிசை ஏறத்தாழ 9900 நியூட்டனிலிருந்து 13,500 நியூட்டனாக உயர்கிறது. 2.73ஐ 3.73ஆக்கியதில் 37 விழுக்காடு ஆதாயம். விளம்பரங்கள் சொல்வதும் இந்த எண்ணைத்தான்.

ஆனால் டயருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஓட்டுநருடன் சேர்த்து 1500 கிலோகிராம் எடையுள்ள அந்தக் காரின் சுமையில் பாதிக்கும் மேல் முன்பக்கம் இருந்தது; உந்தும் பின்சக்கரங்களின் பங்கு ஏறத்தாழ 43 விழுக்காடுதான். புறப்படும்போது முடுக்கத்தால் சிறிது சுமை பின்னுக்கு மாறுகிறது என்பதையும் சேர்த்து, சாதாரண டயரின் பிடிமானக் கெழு 0.9 என்று கொண்டு கணக்கிட்டால், வழுக்காமல் சாலைக்குக் கடத்தக்கூடிய விசை ஏறத்தாழ 6900 நியூட்டன் என்று வருகிறது. பழைய 2.73 விகிதமே முதல் கியரில் இந்த வரம்பைத் தாண்டி 9900 நியூட்டனைத் தருகிறது! ஆகவே சாதாரண டயரோடு முதல் கியரில் முழு வலுவையும் கொடுத்தால், பழைய விகிதத்திலும் சக்கரம் வழுக்கும், புதியதில் இன்னும் எளிதாக வழுக்கும். கிடைக்கும் முடுக்கம் ஒன்றேதான். மென்மையான ரப்பரால் ஆன பந்தய டயரைப் பொருத்திப் பிடிமானக் கெழுவை 1.5 அளவுக்கு உயர்த்தினால் வரம்பு 13,400 நியூட்டனை எட்டி, புதிய விகிதம் தரும் விசை ஏறக்குறைய முழுவதும் பயன்படும் நிலை வருகிறது. பின்னச்சு விகிதமும் டயரும் ஒன்றாகவே திட்டமிடப்பட வேண்டியவை என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதன் அடிப்படை இந்தக் கணக்கே.

பிடிமானம் இருந்தாலும் 37 விழுக்காடு முழுமையாகக் கைக்கு வருவதில்லை. எஞ்சினின் வலுவில் ஒரு பங்கு காரை நகர்த்தாமல், கிராங்க் தண்டையும் ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் வேகமாகச் சுழலச் செய்வதிலேயே செலவாகிறது. சுழலும் இப்பாகங்களின் நிலைமம், காரின் நிறையோடு ஒரு கூடுதல் நிறை சேர்ந்தது போலச் செயல்படும். அந்தக் கூடுதல் நிறை விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதுதான் இதிலுள்ள சிக்கல். அப்பாகங்களின் நிலைமத் திருப்பம் 0.25 கிலோகிராம்-சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் கியரில் பழைய விகிதத்துக்குக் கூடுதல் நிறை 200 கிலோகிராம் அளவில் இருக்க, புதிய விகிதத்துக்கு 380 கிலோகிராம் ஆகிவிடுகிறது. விசை 37 விழுக்காடு உயர்ந்தும் முடுக்கம் 24 விழுக்காடு அளவே உயர்கிறது. உயர் கியர்களில் மொத்த விகிதம் சிறியதாக இருப்பதால் இந்த இழப்பு மிகக் குறைவு. இலகுவான ஃப்ளைவீலைப் பொருத்துவோர் குறைக்க முயல்வது இந்தப் போலி நிறையைத்தான்.

இவற்றைவிட ஆழமான வரம்பு ஒன்று உண்டு. பற்சக்கரம் என்பது சுழலும் நெம்புகோல். விசையைப் பெருக்கும், திறனைப் பெருக்காது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வரும் அளவு. குறிப்பிட்ட வேகத்தில் ஓடும் காருக்கு அந்தக் கணத்தில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உந்துவிசை, எஞ்சினின் உச்சத் திறனை அந்த வேகத்தால் வகுத்து வருவதுதான். மணிக்கு 90 கிலோமீட்டரில், இழப்புகள் போக, மஸ்டாங்குக்கு அது ஏறத்தாழ 5700 நியூட்டன். பின்னச்சில் எந்தப் பற்சக்கரத்தைப் பொருத்தினாலும் அந்த வேகத்தில் அதற்கு மேல் ஒரு நியூட்டனும் வராது. எஞ்சினை எப்போதும் 4200 சுற்றிலேயே நிறுத்தி வைக்கும்படி எண்ணற்ற கியர்கள் கொண்ட பெட்டி ஒன்று இருந்தால், பின்னச்சு விகிதம் என்னவாக இருந்தாலும் புறப்பாடு நீங்கலாக எல்லா வேகங்களிலும் முடுக்கம் ஒன்றாகவே இருக்கும். கியர்கள் நான்கைந்து மட்டுமே இருந்து, அவற்றிடையே அகன்ற இடைவெளிகள் விழுவதால்தான் பின்னச்சு விகிதத்துக்கு இத்தனை முக்கியத்துவம். விகிதத்தை மாற்றும்போது புதிதாக வலு எதுவும் பிறப்பதில்லை. எந்தச் சாலை வேகத்தில் எஞ்சின் தன் உச்சத்துக்கு அருகே இருக்கும், எந்த வேகத்தில் விலகி இருக்கும் என்ற பங்கீடுதான் இடம் மாறுகிறது.

அந்தப் பங்கீட்டை மஸ்டாங்கின் எண்களிலேயே காணலாம். டயர் ஒரு சுற்றில் 2 மீட்டர் உருள்வதாகவும், ஓட்டுநர் 5000 சுற்றில் கியர் மாற்றுவதாகவும் கொண்டால், பழைய விகிதத்தில் முதல் கியர் மணிக்கு 66 கிலோமீட்டர் வரையிலும் இரண்டாம் கியர் 114 வரையிலும் நீளும். புதிய விகிதத்தில் முதல் கியர் 48இலும் இரண்டாம் கியர் 83இலும் முடிந்துவிடும். 48 வரை புதியதன் கை ஓங்கியிருக்கிறது, டயர் பிடித்தால். 48க்கும் 66க்கும் இடையே பழைய கார் இன்னும் முதல் கியரில் 9.15 என்ற பெருக்கத்தோடு இழுக்க, புதிய கார் இரண்டாம் கியருக்குத் தாவி 7.20இல் நிற்கிறது. 66க்கும் 83க்கும் இடையே இரு கார்களுமே இரண்டாம் கியரில் இருக்க, 5.27க்கு எதிராக 7.20 என்று புதியது முந்துகிறது. 83இலிருந்து 114 வரை மறுபடியும் தலைகீழ்: புதியது மூன்றாம் கியரின் 4.81இல் இருக்கும்போது பழையது இரண்டாம் கியரின் 5.27ஐ வைத்திருக்கிறது. இரு கார்களின் உந்துவிசைக் கோடுகளை ஒரே தாளில் வரைந்தால் அவை ஒன்றையொன்று பலமுறை வெட்டிச் செல்லும். ஒன்று மற்றொன்றுக்கு எப்போதும் மேலே நிற்பதில்லை.

புதிய விகிதம் முந்தும் இடங்களிலும் ஆதாயம் சுருங்குவது கவனிக்கத் தக்கது. மணிக்கு 75 கிலோமீட்டரில் பழைய காரின் எஞ்சின் 3300 சுற்றை ஒட்டி, முறுக்குவிசையின் உச்சத்தில் இருக்கிறது. புதிய காரின் எஞ்சின் 4500 சுற்றில், முறுக்குவிசை இறங்கத் தொடங்கிவிட்ட பகுதியில் இருக்கிறது. பற்சக்கரம் 37 விழுக்காடு கூட்டிக்கொடுக்க, எஞ்சின் அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதால், நிகர ஆதாயம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க மோட்டார் இதழ்கள் கார்களை ஒப்பிடப் பயன்படுத்தும் அளவுகோல், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலை, அதாவது 97 கிலோமீட்டரை, எட்ட ஆகும் நேரம். பழைய விகிதத்தில் ஒரே ஒரு முறை கியர் மாற்றினால் அந்த வேகம் வந்துவிடும்; புதியதில் 83இல் இன்னொரு முறை மாற்றியாக வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கிளட்ச் விலகியிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் சக்கரத்துக்கு உந்துதல் எதுவும் போகாது. எனவே கூடுதல் விகிதம் பொருத்திய கார் பல வேகங்களில் சுறுசுறுப்பாக இருந்தும், இந்த ஓர் அளவுகோலில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லாமல் நிற்கலாம். தயாரிப்பாளர்கள் சில கார்களின் இரண்டாம் கியரைச் சரியாக 60 மைலைத் தாண்டும்படி நீட்டி வைப்பதன் பின்னணி இதுவே. ஓர் எண்ணை மட்டும் பார்த்துக் காரை எடைபோடுவதன் குறை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்படுவதில்லை.

அப்படியானால், விகிதத்தை மாற்றியவர்கள் கார் உருமாறிவிட்டது என்று ஏன் ஒரே குரலில் சொல்கிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. அவர்கள் உணர்வது உச்ச முடுக்கத்தை அன்று, கியரை மாற்றாமல் காலை அழுத்தும்போது கிடைக்கும் பதிலை. ஐந்தாம் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் பழைய காரின் எஞ்சின் ஏறத்தாழ 1550 சுற்றில் அரைத்தூக்கத்தில் ஓடுகிறது. புதியதில் அது 2100 சுற்றுக்கு மேல். அந்த நிலையில் உந்துவிசை கூடுவது 37 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். ஆனால் காற்றின் தடையும் டயரின் உருளல் தடையும் மாறாமல் இருப்பதால், அவற்றைக் கழித்த பின் முடுக்கத்துக்கு எஞ்சும் பங்கு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. முன்னே போகும் லாரியைக் கியர் மாற்றாமலேயே கடந்துவிட முடிகிற அந்த வேறுபாடு அன்றாடம் உணரத்தக்கது. கியரை ஒரு படி இறக்கியிருந்தால் பழைய காரும் இதையே, இதற்கு மேலும்கூடச் செய்திருக்கும் என்பது வேறு கதை. மனிதர்கள் கையை அசைக்காமல் கிடைப்பதையே வலு என்று எண்ணுகிறார்கள்.

கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்ப்பாதைப் பந்தயத்துக்கு விகிதத்தைத் தேர்வதற்கு ஓர் எளிய நெறி உண்டு: எல்லைக்கோட்டைக் கடக்கும் கணத்தில் எஞ்சின் தன் உச்சத் திறனைத் தொட்டு, அதைச் சற்றே தாண்டியிருக்க வேண்டும். தொழிற்சாலை நிலையில் இருந்த மஸ்டாங் 5.0, அந்தத் தொலைவை 14க்கும் 15க்கும் இடைப்பட்ட வினாடிகளில் முடித்து, மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் கோட்டைக் கடந்தது. 3.73 விகிதத்தில் அந்த வேகம் நான்காம் கியரில் 4700 சுற்றை ஒட்டி வருகிறது, 4.10இல் 5100க்கு மேல் போய்விடுகிறது. ஆகவே, மாற்றம் எதுவும் செய்யாத எஞ்சினுக்கு 3.73 போதும், காற்றை இன்னும் தாராளமாக இழுக்கும்படி திருத்தப்பட்டு உச்சத் திறன் மேலேறிய எஞ்சினுக்கே 4.10 பொருந்தும். எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் நேரம் குறைந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கை, கியர் மாற்றங்களின் எண்ணிக்கை கூடும் இடத்தில் உடைகிறது.

விலை பெட்ரோலில் தெரியும். நெடுஞ்சாலையில் எஞ்சின் 37 விழுக்காடு கூடுதலாகச் சுழல்கிறது என்பதற்காக எரிபொருள் செலவும் அதே அளவு கூடிவிடுவதில்லை, ஏனெனில் காரை நகர்த்தத் தேவையான வேலை மாறவில்லை. கூடுவது பிஸ்டன்களின் உரசலும், பாதி மூடிய காற்றுக் கதவின் வழியே எஞ்சின் மூச்சிழுக்கும் சிரமமும்தான். இரைச்சலும் ஏறும். இவற்றோடு வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும்: அந்தக் கார்களில் வேகமானியின் கம்பி கியர்பாக்ஸின் வெளித்தண்டிலிருந்து சுழற்சியைப் பெறுவதால், பின்னச்சில் செய்த மாற்றத்தை அது அறியாது; உண்மையில் 100இல் ஓடும் காரை 137இல் ஓடுவதாகக் காட்டும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் செருகியிருக்கும் சிறு பிளாஸ்டிக் பற்சக்கரத்தைப் பல் எண்ணிக்கை கூடிய ஒன்றாக மாற்றுவதே இதற்குப் பரிகாரம்.

மாற்றும் வேலை, காரில் செய்யப்படும் நுண்மையான வேலைகளுள் ஒன்று. 1920களின் பிற்பகுதியில் பேக்கார்டு நிறுவனம் தன் கார்களில் புகுத்திய ஹைபாய்டு அமைப்பையே பிறகு வந்த பெரும்பாலான பின்னச்சுகள் பின்பற்றின. இதில் பினியனின் அச்சு கிரவுனின் மையக்கோட்டைச் சந்திக்காமல், அதற்குக் கீழே விலகிச் செல்கிறது. இதனால் உந்துதண்டு தாழ்ந்து காரின் தளத்தைத் தாழ்த்த முடிகிறது, அதே விகிதத்துக்குப் பினியனைச் சற்றுப் பெரிதாகவும் உறுதியாகவும் செய்ய முடிகிறது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் நீளவாட்டில் சறுக்கவும் செய்வதால், சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். பல்லின் இரும்போடு வேதிவினை புரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும் கந்தகச் சேர்மங்கள் கலந்த எண்ணெய் இதற்குத் தேவைப்படுகிறது. பின்னச்சு எண்ணெயின் மூக்கைத் துளைக்கும் நெடிக்குக் காரணம் அந்தக் கந்தகம்தான்.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உராயவிட்டு இணையாகப் பதப்படுத்தப்படுவதால், ஒன்றை மட்டும் மாற்றுவது கூடாது. புதிய இணையைக் கூட்டுக்குள் வைக்கும்போது மூன்று அளவுகள் ஒருங்கே அமைய வேண்டும். பினியன் எவ்வளவு ஆழம் உள்ளே நிற்கிறது என்பதை அதன் பேரிங்குக்கு அடியில் வைக்கும் ஷிம் என்ற மெல்லிய உலோக வளையத்தின் தடிமன் தீர்மானிக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் பற்கள் தொடும் இடம் மாறிவிடும். அடுத்தது, பேக்லாஷ் எனப்படும் பற்களுக்கிடைப்பட்ட தளர்ச்சி, 8.8 அங்குல அச்சில் அது 0.2 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கிரவுனின் இருபுறமும் உள்ள ஷிம்களை இடம் மாற்றி இதைச் சரிசெய்கிறார்கள். மூன்றாவது, பினியனின் இரு பேரிங்குகளும் எவ்வளவு இறுக்கத்தில் ஒன்றையொன்று அழுத்தியிருக்கின்றன என்பது. இவற்றிடையே நசுங்கக்கூடிய உலோகக் குழாய் ஒன்றை வைத்து, முன்முனை நட்டை முறுக்கிக்கொண்டே போய், பினியனைக் கையால் சுழற்றத் தேவைப்படும் சிறு எதிர்ப்பு உரிய அளவை எட்டியதும் நிறுத்த வேண்டும். அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வழியில்லை; நசுங்கிய குழாய் மீள்வதில்லை, புதியது வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாம் சரியா என்று கடைசியில் சொல்லப்போவது எந்தக் கருவியும் அன்று, மஞ்சள் பசைதான். கிரவுனின் சில பற்களில் அந்தப் பசையைப் பூசிச் சுழற்றினால், பினியனின் பற்கள் தொட்ட இடத்தில் பசை விலகி ஒரு நீள்வட்டத் தடம் தெரியும். அத்தடம் பல்லின் உயரத்திலும் அகலத்திலும் நடுப்பகுதியை ஒட்டி விழுந்தால் வேலை முடிந்தது. பல்லின் அடிவாரத்துக்கு இறங்கியிருந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே இருக்கிறது, உச்சிக்கு ஏறியிருந்தால் வெளியே இருக்கிறது. தடத்தைக் கவனியாமல் மூடிய அச்சு, நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓயாமல் ஊளையிடும். புதுப் பற்களின் மேற்பரப்பு ஒன்றோடொன்று பழகும் வரை மிகுந்த வெப்பம் வெளிப்படுவதால், முதல் சில நூறு கிலோமீட்டர்களை இடையிடையே குளிரவிட்டு மென்மையாக ஓட்டி, பிறகு எண்ணெயை மாற்றிவிடுவது வழக்கம்.

பல் எதையும் தொடாமல் விகிதத்தை மாற்றும் வழியும் ஒன்றுண்டு, பலர் அறியாமலே அதைச் செய்துவிடுகிறார்கள். விட்டம் 10 விழுக்காடு பெரிய டயரைப் பொருத்தினால், சாலையைப் பொறுத்தவரை அது பின்னச்சு விகிதத்தை ஏறத்தாழ 9 விழுக்காடு குறைத்ததற்குச் சமம், 3.73 இருந்தும் 3.39ஆகவே செயல்படும். மேடுபள்ளமான நிலத்துக்கென்று பெரிய டயர் மாட்டிய ஜீப்புகள் சோம்பிப்போவதும், அவற்றின் உரிமையாளர்கள் 4.56, 4.88 போன்ற விகிதங்களைத் தேடுவதும் இழந்ததை மீட்கத்தான், பந்தயம் ஓடுவதற்கு அன்று.

ஐந்து கியர்களுக்கிடையே விழுந்த இடைவெளிகளால்தான் பின்னச்சு விகிதம் இத்தனை காலம் பேசுபொருளாக இருந்தது என்பதை மஸ்டாங்கின் பிற்கால வரலாறே காட்டுகிறது. 2018ஆம் ஆண்டு மாதிரியில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டாக உருவாக்கிய பத்து கியர் தானியங்கிப் பெட்டியைப் பொருத்தியது. அதன் முதல் கியர் 4.70, பத்தாவது 0.64. அதனோடு வந்த பின்னச்சு விகிதங்களுள் ஒன்று வெறும் 3.15. பழைய பந்தயக்காரர் ஒருவர் அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பார். ஆனால் முதல் கியரில் மொத்தப் பெருக்கம் 14.8, அதாவது டி-5 பெட்டியோடு 4.10 விகிதத்தைப் பொருத்திய 5.0 காரின் 13.7ஐவிட அதிகம். பத்தாம் கியரிலோ அது 2.0 மட்டுமே, 1988இன் எரிபொருள் சிக்கன விகிதமான 2.73, ஐந்தாம் கியரில் தந்த 1.86ஐ அது ஏறக்குறைய எட்டிவிடுகிறது.